வீட்டு ஆமையின் ஓடு ஏன் மெத்தென்று ஆகிறது? அதை ஒப்படைக்க ஏன் பயப்படுகிறோம்?

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று ஊரில் சொல்வார்கள். இப்போது அதே ஆமையை ‘வீட்டில் இருந்தால் அதிர்ஷ்டம்’ என்று சொல்லி விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. வீடு உருப்பட்டதா இல்லையா என்பது அவரவர் கணக்கு. ஆனால், வீட்டுக்குள் வந்த ஆமைதான் பல நேரம் உருப்படாமல் போகிறது. ஓடு மெத்தென்று ஆகிவிடுகிறது. பின்னங்கால் இழுக்கிறது. உடம்பைத் தரையிலிருந்து தூக்க முடியாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.

அந்த நிலையில் ஒருவர் அதைப் பார்த்து, ‘பாவம், இதைக் காப்பாத்தணும்’ என்று நினைத்தால் எங்கே போவது? ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போகலாமா? வனத்துறையிடம் கொடுத்தால் கேஸ் போடுவார்களா? பேசாமல் கிணற்றிலோ காட்டிலோ விட்டுவிடலாமா? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரியாததால்தான் பிழைத்திருக்க வேண்டிய ஆமைகள் செத்துப்போகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த ஆமையைப் பற்றிப் பேசுகிறோம்?

நட்சத்திர ஆமை. கறுப்பு ஓட்டில் மஞ்சள் கோடுகள் நட்சத்திரம் போல விரியும், அதனால் இந்தப் பெயர். இந்தியாவின் தென்கிழக்குப் பகுதிகள், வடமேற்குப் பகுதிகள், பாகிஸ்தானின் சில இடங்கள், இலங்கை, இவ்வளவுதான் அதன் சொந்த பூமி.

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாற்றங்கரை ஊர். அருகில் பருவதமலை, அந்தப் பக்கம் ஜவ்வாது மலை. இப்படிப்பட்ட மலையடிவாரத்து வறண்ட புதர்க்காடும் புல்தரையும் வேலியோரமும்தான் நட்சத்திர ஆமைக்குப் பிடித்த நிலம். மழை பெய்தால் மேய வெளியே வரும். ரோட்டைக் கடக்கும். ஆடு மேய்ப்பவர்கள் கண்ணில் படும். ஒருவர் ‘வண்டியில அடிபட்டுடும்’ என்று எடுத்து வருவார், இன்னொருவர் ‘குழந்தை விளையாடட்டும்’ என்று எடுத்து வருவார். ஆமையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

வியாபாரத்துக்காகப் பிடிப்பது தனிக் கதை. இந்தியாவில் ஒரே ஒரு வர்த்தக மையத்தை ஆராய்ந்த ஆய்வாளர்கள், அங்கிருந்து மட்டும் ஆண்டுக்குக் குறைந்தது 55,000 நட்சத்திர ஆமைகள் பிடிக்கப்படுவதாக 2015-ல் கணக்கிட்டார்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஆமைகள் சிக்கிய செய்தியை நீங்களே பலமுறை படித்திருப்பீர்கள். விமானம் ஏறாதவை உள்ளூர் வீடுகளில் இருக்கின்றன.

ஓடு என்பது வீடு இல்லை, எலும்பு

நத்தை மாதிரி ஆமையும் ஓட்டுக்குள் குடியிருக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஓடு, அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதி. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து ஒன்றோடொன்று இணைந்துதான் மேலோடு உருவாகிறது. மேலே நமக்குத் தெரியும் நட்சத்திரக் கோலம் நம் நகம் போன்ற ஒரு பூச்சு மட்டுமே. அடியில் இருப்பது முழுக்க எலும்பு. தட்டினால், தடவினால் ஆமைக்கு உணர்வு தெரியும்.

ஆக, ‘ஓடு மெத்துன்னு இருக்கு’ என்றால் அந்த உயிரின் உடம்பு முழுக்க எலும்பு கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கால் எலும்பும் தாடை எலும்பும் சேர்த்துத்தான்.

கால்நடை மருத்துவர்கள் இதை வளர்சிதை மாற்ற எலும்பு நோய் என்கிறார்கள். பெயர் பெரிசாக இருந்தாலும் நடப்பது எளிதாகப் புரியக்கூடியதுதான். இதயம் துடிக்க, தசை அசைய, நரம்பு வேலை செய்ய ரத்தத்தில் குறிப்பிட்ட அளவு கால்சியம் எப்போதும் இருந்தாக வேண்டும். சாப்பாட்டிலிருந்து அது கிடைக்கவில்லை என்றால் கழுத்துப் பகுதியில் உள்ள பாராதைராய்டு சுரப்பி உஷாராகி, எலும்பில் சேமித்து வைத்த கால்சியத்தை எடுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். இன்று உயிர் பிழைக்க நாளைக்கான எலும்பை உடம்பே தின்கிறது. மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் எலும்பு இருந்த இடத்தில் நார்த் திசு நிறைகிறது. ஓடு அமுங்குகிறது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. கன்று போட்ட கறவை மாடு திடீரென்று எழ முடியாமல் படுத்துவிட்டால் ‘பால் காய்ச்சல்’ என்பார்கள். அதுவும் ரத்தத்தில் கால்சியம் இறங்குவதுதான். மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றியதும் மாடு எழுந்து நிற்கும். கோழி தோல்முட்டை போட்டால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று பாட்டிமார்களுக்கே தெரியும். ஆமையின் பிரச்சினையும் இதற்குச் சொந்தம்தான். ஒரே வித்தியாசம், மாடு ஒரே நாளில் படுத்துவிடும், ஆமை மெதுவாகப் படுக்கும். அதனால் யாரும் கவனிப்பதில்லை.

சோறும் பாலும் என்ன செய்கின்றன?

காட்டில் நட்சத்திர ஆமை தின்பது புல், பூண்டு, உதிர்ந்த பூ, பழம், சப்பாத்திக்கள்ளி மாதிரியானவை. வீட்டில் அதற்குக் கிடைப்பது சோறு, பால், பிஸ்கட், பிரெட், வெள்ளரிக்காய், தக்காளி. நாம் சாப்பிடுவதை அதற்கும் கொடுத்தால்தான் நமக்குத் திருப்தி.

பிரச்சினை இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது, கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம். தாவரம் தின்னும் ஆமையின் உணவில் பாஸ்பரஸைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கால்சியம் இருக்க வேண்டும். அரிசியில் கணக்கு தலைகீழ். அதில் கால்சியம் சொற்பம், பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பாஸ்பரஸ் அதிகமானால் இருக்கிற கொஞ்ச கால்சியமும் உடம்பில் சேராது. வெள்ளரிக்காயில் பெரும்பகுதி தண்ணீர்தான். வயிறு நிரம்பும், எலும்புக்கு ஒன்றும் போகாது.

‘பாலில் கால்சியம் இருக்கே’ என்று கேட்கலாம். ஆமை பாலூட்டி இனம் இல்லை. பால் அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. வயிற்றுப்போக்கு வந்து உள்ள சத்தும் போய்விடும்.

இரண்டாவது, எல்லாக் கீரையும் ஒன்றல்ல. பசலைக்கீரை, தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். தினமும் அதையே கொடுப்பது நல்லதல்ல. அகத்தி, முருங்கை இலை, செம்பருத்தி இலையும் பூவும், அறுகம்புல், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் இவை மேல். 100 கிராம் அகத்திக்கீரையில் கிட்டத்தட்ட 1,000 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. இதெல்லாம் கலசப்பாக்கத்தில் வேலியோரமே கிடைக்கும். காசு கொடுத்து பிரெட் வாங்கிப் போட்டு நோயை வரவழைப்பதுதான் இதில் வேதனை.

திருவண்ணாமலை மாவட்டத்தில் வெயிலுக்கா பஞ்சம்?

கால்சியம் வயிற்றுக்குள் போனால் மட்டும் போதாது. அதைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி3 வேண்டும். ஆமைக்கு அது முக்கியமாகத் தோலில் படும் வெயிலிலிருந்துதான் கிடைக்கிறது. குறிப்பாக, வெயிலில் உள்ள புற ஊதா-பி கதிர் தோலில் பட்டால்தான் டி3 உருவாகத் தொடங்கும்.

இந்தக் கதிர் சாதாரண ஜன்னல் கண்ணாடியைத் தாண்டாது. ‘ஜன்னலோரம்தான் வெச்சிருக்கோம், நல்லா வெளிச்சம் வருது’ என்பது ஆமைக்கு உதவாது. டியூப் லைட்டும் எல்இடி பல்பும் இந்தக் கதிரைத் தருவதில்லை. மீன் தொட்டிக்குள் போட்டு வெயிலில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். கதிர் வராது, சூடு மட்டும் ஏறி ஆமை வெந்துவிடும்.

வெளிநாடுகளில் குளிர் காரணமாக வீட்டுக்குள் வளர்க்கிறார்கள், அதற்கென விசேஷ விளக்கு வாங்குகிறார்கள். நம் ஊரில் வாசலுக்கு வெளியே இலவசமாகக் கொட்டிக்கிடக்கிற வெயிலை அந்த ஆமை பார்க்காததற்கு ஒரே காரணம், யாராவது பார்த்துவிடுவார்களோ என்ற பயம். வளர்ப்பது குற்றம் என்று அரைகுறையாகத் தெரிந்திருக்கிறது. அதனால் கட்டிலுக்கு அடியில், பாத்ரூமில், மூடிய அட்டைப்பெட்டியில் வைக்கிறார்கள். மறைத்து வைப்பதே நோய்க்குக் காரணமாகிவிடுகிறது. இந்தக் கட்டுரையின் மையமே இதுதான். சட்டத்தைப் பார்க்கும்போது மறுபடி இங்கே வருவோம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வளர்ந்த ஆமையின் ஓட்டை விரலால் லேசாக அழுத்தினால் அமுங்கக் கூடாது. பிறந்து சில மாதங்களே ஆன குட்டிக்கு ஓடு கொஞ்சம் நெகிழ்வாக இருப்பது இயல்பு. குளத்திலும் சேற்றிலும் வாழும் மென்னோட்டு ஆமைகளுக்கு மேலோடு தோல் மாதிரிதான் இருக்கும், அது நோயல்ல.

நட்சத்திர ஆமையில் கவனிக்க வேண்டியவை: நடக்கும்போது வயிறு தரையில் உரசுவது, பின்னங்காலை இழுப்பது, ஓட்டின் ஓரம் மேல்நோக்கி மடங்குவது, நடு முதுகு உள்வாங்குவது, தாடை ரப்பர் மாதிரி வளைவது, அலகு கோணலாக நீண்டு வளர்வது, சாப்பாட்டைக் கடிக்க முடியாமல் திணறுவது. கால் தசைகள் துடித்தால், நடுங்கினால் அது அவசரம். ரத்தத்தில் கால்சியம் அபாய அளவுக்கு இறங்கிவிட்டது என்று பொருள். பெண் ஆமையாக இருந்தால் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்ளவும் வாய்ப்புண்டு.

ஓட்டில் குன்று குன்றாக மேடு எழுவது வேறு சங்கதி. நட்சத்திர ஆமைக்குக் கொஞ்சம் மேடு இயல்பாகவே உண்டு. அளவுக்கு மீறி எழுந்தால் அதற்கு வறண்ட சூழலும் காரணமாகிறது. அதை மட்டும் வைத்து எலும்பு நோய் என்று முடிவு செய்யக் கூடாது.

‘நானே பார்த்துக்கறேன்’ என்றால்?

மனசு நல்ல மனசுதான். ஆனால், இந்த வைத்தியத்தில் வீட்டு முயற்சி தவறாகப் போக வழிகள் அதிகம்.

மருத்துவர் முதலில் எக்ஸ்-ரே எடுப்பார். எலும்பின் அடர்த்தி எவ்வளவு, எங்கே முறிவு, வயிற்றில் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பார். ரத்தப் பரிசோதனை செய்வார். நடுக்கம் இருந்தால் கால்சியம் குளுக்கோனேட் ஊசி, பிறகு வாய்வழியாகக் கால்சியம், எடைக்குத் தக்க டி3, உடம்பில் நீர்ச்சத்து, தேவைப்பட்டால் குழாய் வழியாக உணவு என்று போகும். லேசான நிலையில் வந்த ஆமை சில மாதங்களில் தேறும். முற்றிய நிலையில் வந்ததற்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். எலும்பு மறுபடி கெட்டியாகும், ஆனால் கோணிப்போன ஓடு பழைய வடிவத்துக்குத் திரும்பாது.

வீட்டில் நடக்கக்கூடிய தவறுகள் மூன்றை மட்டும் சொல்கிறேன். ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டை வாங்கிக் கரைத்துக் கொடுப்பது. அது பெரிய மனிதர்களுக்கு வாரம் ஒருமுறை என்று எழுதப்படும் மருந்து. ஒரு கிலோ எடையுள்ள ஆமைக்கு டி3 மிகையானால் சிறுநீரகத்திலும் ரத்தக் குழாயிலும் கால்சியம் படிந்துவிடும்.

இரண்டாவது, பூச்சி மருந்து. ஆட்டுக்கும் நாய்க்கும் சாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமை இனத்துக்கு விஷம். உயிரே போகும். ‘ஆட்டுக்குப் போட்ட மிச்சம் இருக்கு’ என்று தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.

மூன்றாவது, தூக்கி விளையாடுவது. எலும்பு மெலிந்த ஆமையைக் குழந்தைகள் கைமாற்றித் தூக்கினாலே கால் முறியும்.

முதல் இரண்டு நாளில் என்ன செய்யலாம்?

உங்கள் கைக்கு இப்படி ஒரு ஆமை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேரும்வரை செய்ய வேண்டியவை குறைவுதான்.

• காற்றுப் போக ஓட்டை உள்ள அட்டைப்பெட்டியில் பழைய துணி விரித்து வையுங்கள். மல்லாக்கப் போடாதீர்கள்.

• வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி 15 நிமிடம் நிற்க விடுங்கள். தண்ணீர் தாடைக்குக் கீழே இருக்க வேண்டும், மூக்கு மூழ்கக் கூடாது. ஆமை தானாகக் குடிக்கும். பயத்தில் மூத்திரம் போய்விட்டால் உடம்பு நீரை இழக்கும் என்பதால் இது முக்கியம்.

• காலை வெயிலில் சிறிது நேரம் வெளியே விடுங்கள். பக்கத்திலேயே நிழல் இருக்க வேண்டும். உச்சி வெயில் வேண்டாம்.

• அறுகம்புல், செம்பருத்தி, முருங்கை இலை வையுங்கள். தின்னாவிட்டால் வாயைப் பிளந்து திணிக்காதீர்கள்.

• கிணற்றிலோ ஏரியிலோ கோயில் குளத்திலோ விடவே கூடாது. நட்சத்திர ஆமை நிலத்து ஆமை. அதற்கு நீந்தத் தெரியாது. ‘ஆமைன்னா தண்ணிதானே’ என்று புண்ணியம் நினைத்து விடுவது அதை மூழ்கடிப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கேதான் நாம் பேச வேண்டிய விஷயம் இருக்கிறது.

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தில் நட்சத்திர ஆமை முதலில் நான்காம் அட்டவணையில் இருந்தது. 2022-ல் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் 1 முதல் அமலானபோது அது முதலாம் அட்டவணைக்கு உயர்ந்தது. புலியும் யானையும் இருக்கும் அதே பட்டியல். அதற்கு முன்பே, 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு இந்த இனத்தின் சர்வதேச வணிகத்தைத் தடைசெய்யும் முதல் பின்னிணைப்பில் சேர்த்தது. கடத்தலின் அளவைப் பார்த்தால் இரண்டுமே சரியான முடிவுகள்.

ஆனால், அட்டவணை மாறியதும் தண்டனையும் மாறியது. முதலாம் அட்டவணை விலங்கு தொடர்பான குற்றத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. முன்பு வனத்துறை அதிகாரி ஒரு தொகையை வசூலித்து விஷயத்தை முடித்துவைக்கச் சட்டத்தில் வழி இருந்தது. குறைந்தபட்ச சிறைத் தண்டனை உள்ள குற்றத்துக்கு அந்த வழி கிடையாது. நூறு ஆமையைப் பெட்டியில் அடைத்தவருக்கும், ரோட்டில் கிடந்த ஒன்றை எடுத்து மூன்று வருஷம் சோறு போட்டவருக்கும் ஏட்டில் ஒரே பிரிவு.

அதே சட்டத்தின் 39-வது பிரிவில் ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. காட்டு விலங்கு அரசின் சொத்து. அது எப்படியோ உங்கள் கைக்கு வந்துவிட்டால், 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ தெரிவிக்க வேண்டும், கேட்டால் ஒப்படைக்க வேண்டும். அதாவது, இன்று காலை ரோட்டில் அடிபட்ட ஆமையை எடுத்த ஒருவர், நாளைக்குள் கலசப்பாக்கம் காவல் நிலையத்திலோ வனச்சரக அலுவலகத்திலோ சொல்லிவிட்டால் அவர் சட்டம் சொன்னதைத்தான் செய்கிறார். பயப்பட வேண்டியதில்லை.

சரி, 48 மணி நேரம் தாண்டிவிட்டவர் என்ன செய்வார்? ஆமையின் எலும்பு நோய் 48 மணி நேரத்தில் வருவதில்லை. வருஷக்கணக்கில் வருகிறது. ஓடு அமுங்கி, கால் இழுத்து, ‘ஐயோ’ என்று ஒருவருக்கு உறைக்கும் நேரத்தில் அந்தக் கெடு எப்போதோ முடிந்திருக்கும். வைத்தியம் தேவைப்படும் ஆமைகள் எல்லாமே சட்டத்தின் கதவு மூடிய பிறகு வருகிறவைதான்.

அப்போது அவர் முன்னால் இருப்பது மூன்று வழி. ஒப்படைத்தால் வழக்கு வருமோ என்று பயந்து வீட்டிலேயே வைத்திருக்கலாம். இரவோடு இரவாகக் கிணற்றில் போடலாம். காட்டோரம் விட்டுவிட்டு வரலாம். மூன்றிலும் ஆமைக்குச் சாவுதான்.

கதவு திறந்த வரலாறு உண்டு

‘சட்டத்தை மீறியவருக்கு எப்படி விலக்கு கொடுப்பது?’ என்று கேட்கலாம். ஏற்கெனவே இரண்டு முறை வழி செய்திருக்கிறார்கள். 2003-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், கணக்கில் வராத வனவிலங்குகளையும் தந்தம், தோல் போன்ற பொருட்களையும் வைத்திருந்தவர்கள் 180 நாட்களுக்குள் தெரிவிக்க வாய்ப்பளித்தன. 2020 ஜூனில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம், வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் 6 மாதத்துக்குள் தாமாக முன்வந்து அறிவித்தால் ஆவணம் கேட்கப்படாது என்றது. மெக்காவ் கிளிக்கும் இகுவானாவுக்கும் கிடைத்த சலுகை, நம் ஊர் வேலியோரத்து ஆமைக்குக் கிடைக்கவில்லை.

அந்த இரண்டு திட்டங்களும் அறிவித்தவர்களே தொடர்ந்து வைத்துக்கொள்ள இடம் கொடுத்தன. அது இங்கே தேவையில்லை, கூடவும் கூடாது. ஒப்படைக்க மட்டுமேயான ஒரு வாய்ப்பு போதும். ஒன்றிரண்டு ஆமை வைத்திருக்கும் வீட்டார், குறிப்பிட்ட காலத்துக்குள், குறிப்பிட்ட இடத்தில் கொண்டுவந்து கொடுத்தால் வழக்கு இல்லை என்ற ஓர் அறிவிப்பு.

கடத்தல்காரர்கள் இதைப் பயன்படுத்தித் தப்பிக்க மாட்டார்களா? நியாயமான சந்தேகம். ஆனால், கடத்துகிறவருக்கு ஆமை சரக்கு. சரக்கை இலவசமாக அரசிடம் கொடுப்பதால் அவருக்கு என்ன லாபம்? எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, யாரிடம் வாங்கினார்கள் என்ற தகவலையும் கேட்டுப் பதிவு செய்தால், விற்றவரைப் பிடிக்க அதுவே துப்பாகும்.

‘இத்தனை வருஷம் பிள்ளை மாதிரி வளர்த்தேன், நானே வைத்துக்கொள்ளக் கூடாதா?’ என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். பாசம் பொய் என்று யாரும் சொல்லவில்லை. அந்தப் பாசத்தோடுதான் சோறும் பாலும் போனது. வளர்க்க அனுமதி என்று ஒரு சின்ன வழி திறந்தாலும், அடுத்த நாளே ஜவ்வாது மலையடிவாரத்தில் இன்னும் பத்து ஆமை காணாமல் போகும்.

காட்டில் விட்டால் முடிந்ததா?

முடியாது. வீட்டில் இருந்த ஆமை மனிதரிடமிருந்தும் மற்ற விலங்குகளிடமிருந்தும் நோயைக் கொண்டுபோய்க் காட்டு ஆமைகளுக்குக் கொடுக்கலாம். எங்கிருந்து பிடித்தது என்று தெரியாமல் எங்கோ விடுவதும் சரியல்ல. சிங்கப்பூரில் சிக்கித் திரும்பி வந்த நட்சத்திர ஆமைகளின் பூர்வீகம் எது என்று ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வாளர்கள் மரபணுவை வைத்துத் தேடி 2006-ல் ஆய்வு வெளியிட்டார்கள். ஓர் ஆமையை ‘ஊருக்கு’ அனுப்ப அவ்வளவு வேலை இருக்கிறது.

2018 நவம்பரில் சிங்கப்பூரின் ஏக்ரஸ் அமைப்பு, கள்ளச் சந்தையிலிருந்து மீட்ட 51 நட்சத்திர ஆமைகளை வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ், கர்நாடக வனத்துறை ஆகியவற்றின் உதவியுடன் விமானத்தில் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பியது. கடல் கடந்து 51 ஆமையை அனுப்ப இத்தனை பேர் ஒன்றுசேர முடிகிறது. கலசப்பாக்கத்திலிருந்து ஒரே ஓர் ஆமையைச் சிகிச்சைக்கு அனுப்ப ஒரு வழி செய்வது அவ்வளவு கஷ்டமா?

என்ன செய்ய வேண்டும்?

ஊர்வன சிகிச்சையில் அனுபவம் உள்ள இடங்கள் தமிழகத்தில் இல்லாமல் இல்லை. 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வண்டலூரில் உயிரியல் பூங்காவும் அதை ஒட்டி உயர்நிலை வனஉயிரினப் பாதுகாப்பு நிறுவனமும் உள்ளன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் 1976-ல் தொடங்கிய சென்னை முதலைப் பண்ணை, பல வகை ஆமைகளைப் பராமரித்த அனுபவம் கொண்டது. எல்லாமே சென்னையைச் சுற்றி. ஜவ்வாது மலையடிவாரத்தில் இருப்பவர் கையில் எலும்பு மெலிந்த ஆமையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிச் சில மணி நேரம் குலுங்கிப் போக வேண்டும், அதுவும் பிடிபடுவோமோ என்ற பயத்தோடு.

இதற்குப் பெரிய கட்டிடம் வேண்டாம். மாவட்டத் தலைநகரில் உள்ள கால்நடை மருத்துவர் ஒருவருக்கு ஊர்வன சிகிச்சையில் அடிப்படைப் பயிற்சி, எக்ஸ்-ரே படத்தைப் போனில் அனுப்பி வேப்பேரியிடம் கருத்துக் கேட்க ஓர் ஏற்பாடு, வனச்சரக அலுவலகத்தில் வெயிலும் நிழலும் கலந்த ஒரு சின்ன வேலியடைப்பு. தீவனம் வேலியோரத்திலேயே வளர்கிறது. வெயிலுக்குக் காசில்லை.

கூடவே, 48 மணி நேர விதியைத் தமிழில், ஒரே வரியில், பஞ்சாயத்து அலுவலகத்திலும் பள்ளிக்கூடச் சுவரிலும் எழுதிப் போடலாம். புலிக்கும் யானைக்கும் போஸ்டர் அடிக்கிறோம். ஒருவர் வாழ்நாளில் கையில் எடுக்க வாய்ப்புள்ள முதலாம் அட்டவணை விலங்கு புலி இல்லை, இந்த ஆமைதான்.

நட்சத்திர ஆமைக்குப் பல பத்தாண்டு ஆயுள் உண்டு. நன்றாக இருந்தால் அதை எடுத்தவரின் பேரப்பிள்ளைகள் காலம்வரைகூட ஜவ்வாது மலையடிவாரத்தில் மேயும். ஓடு கெட்டியாக இருக்க அதற்குத் தேவை புல், வெயில், அவ்வளவுதான். இரண்டையும் நாம்தான் மறித்து வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் யார் வீட்டிலாவது அப்படி ஒன்று இருந்தால், இதை அவருக்கு அனுப்புங்கள். புதிதாக யாராவது எடுத்து வந்திருந்தால், இன்னும் 48 மணி நேரம் ஆகவில்லை என்றால், இன்றே போகச் சொல்லுங்கள்.